பால் ஹெட்டா, த்ரீ வே ஹெட்டா?

வேலூர்க் கோட்டையை அகழிக்கு வெளியே நின்று படம் எடுக்கிறவருக்கும், ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் ராத்திரி நட்சத்திரம் எடுக்கிறவருக்கும் கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாட் ஒன்றே போதும். அதன் மேலே பூட்டி, கேமராவைத் திருப்பிச் சாய்க்க உதவும் ஹெட்தான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பந்து மேல் சுழலும் பால் ஹெட்டில் ஒரு திருகைத் தளர்த்தினால் கேமரா எல்லாப் பக்கமும் திரும்பும். இருட்டில், குளிரில் விறைத்த விரல்களோடு வானத்தைப் பார்க்க நிமிர்த்த இதைவிட வசதி கிடையாது. ஆனால் கோட்டை மதிலை நேராக்கும்போது பொறுமை போய்விடும். இடவலச் சாய்வைச் சரிசெய்தால் மேல்கீழ்க் கோணம் நழுவும். லென்ஸ் கனமாக இருந்தால், இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் ஃபிரேம் ஒரு மயிரிழை இறங்கும். கடையிலேயே உங்கள் லென்ஸைப் பூட்டிப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கிலோ கணக்கை மட்டும் நம்பாதீர்கள். உராய்வைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகு இல்லாத மாடல் வேண்டவே வேண்டாம். தளர்த்திய வேகத்தில் கேமரா தொப்பென்று சாயும்.

த்ரீ வே ஹெட்டில் மூன்று திசைக்கும் தனித்தனிக் கைப்பிடி. ஒன்றைத் தொட்டால் மற்றவை அசையாது. கட்டடத்துக்கு அதுதான் சுகம். ஆனால் கனம் அதிகம், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் விலாவையும் குத்தும். கோட்டைக்குள் ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வாங்க வேண்டும் என்பது தனிக்கதை.

என் ஓட்டு பால் ஹெட்டுக்கே. கேமராவைச் சட்டென்று மாட்டிக் கழற்ற ஆர்க்கா ஸ்விஸ் வகைத் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்கி, கூடவே கேமராவின் அடியையும் பக்கத்தையும் பிடிக்கும் எல் வடிவத் தகடான எல் பிராக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டால், நெட்டுவாக்குப் படத்துக்கும் பந்தைச் சாய்க்க வேண்டியதில்லை.