பப்மெட்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியல் எவ்வளவு சொல்கிறது?

மருத்துவ ஆய்வாளர் ஒருவர் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது பப்மெட் தளத்தைத்தான். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996இல் தொடங்கி, மறு ஆண்டிலேயே எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்ட இச்சேவையில் இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. வைரஸ், இரத்த நோய், புற்றுநோய் ஆகிய மூன்றையும் தொட்டுச் சென்ற ஒருவரின் பட்டியலை வைத்து இதைச் சோதிப்பதே சரி என்று தோன்றியதால், 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கைத் தேர்ந்தெடுத்தேன்.

தேடல் முடிவுகளின் ஓரத்தில் ஆண்டுவாரியாகக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டும் சிறிய பட்டை வரைபடம்தான் இத்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதை 1965க்கு நகர்த்தினால், லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களின் சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிநீரில், காணப்பட்ட ஒரு 'புதிய' ஆன்டிஜென் (உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்) பற்றிய கட்டுரை வருகிறது. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்ததிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு அது. அந்த ஆன்டிஜென் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பைச் சேர்ந்தது என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. ஆகவே, அக்கட்டுரையின் தலைப்பில் வைரஸும் இல்லை, கல்லீரலும் இல்லை. ஹெபடைடிஸ் என்ற சொல்லைத் தலைப்புகளில் மட்டும் தேடுகிறவருக்கு அந்த வைரஸின் வரலாற்றில் முதல் கட்டுரையே சிக்காது. போதாக்குறைக்கு, 1975க்கு முந்தைய குறிப்புகளில் பெரும்பாலும் சுருக்கவுரை இருப்பதில்லை, இதற்கும் இல்லை. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வைத்துப் பட்டியலைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கே அது கிடைக்கும்.

பெயர் விஷயத்தில்தான் என் பெரிய மனக்குறை. ஆசிரியர்களின் முழுப்பெயர் 2002 முதலான கட்டுரைகளுக்கே பதிவாகிறது; அதற்கு முன் குடும்பப் பெயரும் முதலெழுத்துகளும் மட்டுமே. பிளம்பெர்க் போன்ற பெயரானால் சமாளித்துவிடலாம். வாங், லீ போன்ற பெயரும் ஒற்றை முதலெழுத்தும் கொண்ட ஆய்வாளரைத் தேடினாலோ, இதய மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே பட்டியலில் கலந்து நிற்பார்கள். 2012இல் வந்த ஆர்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண் இச்சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது என்றாலும், அதைப் பதிவு செய்யாத மூத்த ஆய்வாளர்களின் பழைய கட்டுரைகளுக்கு அதனால் பயனில்லை.

ஒருவரின் பட்டியலை மட்டும் தனியே பார்ப்பதில் வேறொரு குறையும் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிலைநாட்டிய ஆய்வு பிளம்பெர்க்கின் பட்டியலில் இல்லை. பாமர் பீஸ்லி என்ற மற்றோர் ஆய்வாளரின் பட்டியலில் இருக்கிறது. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் வெளியிடப்பட்ட அக்கட்டுரை, வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு என்று காட்டியது. அதேபோல, 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிளம்பெர்க்கோடு இணைந்து எழுதிய ஹார்வி ஆல்டரின் பெயரைச் சொடுக்கினால், 2020இல் அவருக்கு நோபல் பரிசு தேடித்தந்த ஹெபடைடிஸ் சி ஆய்வுகள் வரை போய்விடலாம். இணை ஆசிரியரின் பெயரிலிருந்தே அவருடைய கட்டுரைகளுக்குத் தாவும் இவ்வசதியைப் பலர் கவனிப்பதில்லை.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை இத்தளம் மறைப்பதில்லை என்பதைப் பாராட்டியாக வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்த் திசுவில் கண்டதாக 2006இல் அறிவிக்கப்பட்ட எக்ஸ்எம்ஆர்வி என்னும் வைரஸ், நாள்பட்ட சோர்வு நோயாளிகளின் இரத்தத்திலும் இருப்பதாக 2009இல் ஒரு கட்டுரை சொன்னது. ஆய்வகக் கலப்படமே அதற்குக் காரணம் என்று தெரிந்து, 2011 டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அக்குறிப்பைத் திறந்ததுமே அந்த அறிவிப்பு கண்ணில் படுகிறது. ஆனால் அதை நம்பி இடைப்பட்ட காலத்தில் மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளின் மீது அப்படியொரு குறி விழுவதில்லை. அவற்றை நாமே ஒவ்வொன்றாகத் திறந்து, மேற்கோள்களைச் சரிபார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.