பேச்சாளரா, வாசிப்பா, தராசா?

எங்கள் குடியிருப்பு தாம்பரத்துக்கு அந்தப் பக்கம். 48 வீடுகள். 2019 ஜூனில் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீருக்காகச் செயலாளர் வீட்டு வாசலில் சண்டையே நடந்தது. அந்தச் சூட்டில்தான், தண்ணீர், குப்பை, மின்சாரம் பற்றி அவ்வப்போது உட்கார்ந்து பேசலாம் என்று ஆரம்பித்தோம். இதுவரை மூன்று விதமாகக் கூடிப் பார்த்தாகிவிட்டது. மொட்டைமாடி, பாய், சுக்குக் காபி இவை மட்டும் மூன்றுக்கும் பொது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: வெளியிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது. முப்பது பேர் வந்தார்கள். மழைநீர் சேகரிப்பு பற்றி ஒருவர் அருமையாகப் பேசினார். கேள்வி நேரத்தில் வந்த முதல் கேள்வி, “செம்பருத்தியில மாவுப்பூச்சி சார், என்ன அடிக்கலாம்?” தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் மாடியிலும் அதற்கென்று குழாய் இருக்கிறது. அது கிணற்றுக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று கீழே இறங்கிப் பார்க்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஆள் சேர்க்க ஒரே ஒரு முறை இப்படிக் கூட்டம் போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது வாசிப்பு வட்டம். இதற்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1902ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் தொடங்கியது. ஆசிரியர் கிடையாது, புத்தகமும் கொஞ்சம் பேரும் இருந்தால் போதும். 1993ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் டிக் ராய், ஜீன் ராய் தம்பதியர் தொடங்கிய நார்த்வெஸ்ட் எர்த் இன்ஸ்டிடியூட் கிட்டத்தட்ட இதே வழியில் போனது: வாரம் சில கட்டுரைகள், சுற்றி உட்கார்ந்து பேச்சு, நிபுணர் இல்லை, நடத்துவது முறை வைத்து.

நாங்கள் எட்டுப் பேர். வாரம் நான்கு பக்கம் ஜெராக்ஸ். ஒருவர் இரண்டாம் முறை பேசுவதற்குள் எல்லோரும் ஒரு சுற்றுப் பேசிவிட வேண்டும் என்று விதி. பேச்சு என்றால் அதுதான் பேச்சு! கல்யாணத்துக்கு வாழையிலை நல்லதா, எவர்சில்வர் தட்டா என்று ஒன்றரை மணி நேரம் போனது. தட்டைக் கழுவும் தண்ணீரை யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு அக்கா கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் படித்துவிட்டு வருபவர்களுக்குத்தான் அந்த இடம். சமையலை முடித்துவிட்டு ஓடி வந்த இரண்டு பேர் தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான்காம் வாரம் பார்த்தால், ரிட்டயரான மூன்று பேர்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். விதியெல்லாம் எப்போது காற்றில் போனதோ தெரியவில்லை.

மூன்றாவது தராசு. குளோபல் ஆக்‌ஷன் பிளான் என்ற அமைப்பு நெதர்லாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளில் ‘எக்கோ டீம்’ என்று நடத்திய முறை இது. பக்கத்துப் பக்கத்து வீட்டார் சிலர் சேர்ந்து அவரவர் குப்பை, மின்சாரம், தண்ணீரை அளந்துகொண்டு வந்து பேசுவது. நாங்கள் ஆறு வீடு, ஆறு சனிக்கிழமை. சூட்கேஸ் எடைபோடும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கிச் சுற்றில் விட்டோம். தேங்காய் மட்டையை எடையில் சேர்ப்பதா கூடாதா என்று முதல் வாரமே தகராறு. குடிநீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயின் கீழ் வாளி வைத்துப் பார்த்த ஒருவர், “ஒரு குடம் குடிக்க, மூணு குடம் கொட்டுறேன்” என்று தலையில் கைவைத்தார். மறுவாரமே அந்தத் தண்ணீர் வாசல் தெளிக்கப் போனது.

மின்சாரத்தில் ஒரு சிக்கல். ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் கூட்டமோ ஆறு வாரத்தில் முடிகிறது. அதனால் அவரவரே மீட்டரைப் பார்த்து எழுதினோம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் பேசினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. குப்பை எடையை வீட்டு எண்ணோடு உரக்க வாசித்தது என் புத்திகெட்ட வேலை. ஒரு வீடு அத்தோடு வருவதை நிறுத்திவிட்டது. அப்புறம் பெயரில்லாத சீட்டுக்கு மாறினோம். இன்னொன்று, எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கூட்டம் சீட்டுக் கம்பெனிக் கணக்குப் போல ஆகிவிடுகிறது. நான்காம் வாரத்திலிருந்து ஒரே ஒரு பக்கம் வாசிப்பைச் சேர்த்தோம், அங்கேயே உரக்கப் படித்து.

என்னைக் கேட்டால் தராசு முறைதான், அதுவும் முடியும் தேதியை முதலிலேயே சொல்லிவிட்டு. ‘மாதாமாதம்’ என்றால் வராதவர்கள் ‘ஆறே வாரம்’ என்றால் வருகிறார்கள். இடையில் வாட்ஸ்அப் குழுவும் வைத்துப் பார்த்தோம்; பத்தே நாளில் குட் மார்னிங் படங்களாக நிரம்பியது.

ஐந்தாம் வாரம் பேச்சு மழைநீருக்கு வந்தது. பேச்சாளர் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து மாடிக் குழாயில் ஊற்றினோம். இரண்டு பையன்கள் கிணற்றடியிலும் இரண்டு பேர் தெருவிலும் நின்றார்கள். மஞ்சள் தெருச் சாக்கடையில் வந்தது.