போர்க்கப்பலுக்கும் ஒரு விதிநூல்: நேட்டோவின் கடற்படைக் கப்பல் பாதுகாப்புத் தொகுப்பு பற்றிய மதிப்புரை

1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக, 1914-இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. சோலாஸ் என்று கப்பல்காரர்கள் சுருக்கமாக அழைக்கும் அந்த ஒப்பந்தத்தின் இன்றைய வடிவம் 1974-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே, போர்க்கப்பல்களுக்கும் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கும் இவ்விதிகள் பொருந்தா என்ற விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. வெடிமருந்தும் எரிபொருளும் நூற்றுக்கணக்கான மனிதர்களும் ஒரே உடலுக்குள் நெருங்கிக் கிடக்கும் கப்பலுக்கு விலக்கு அளித்துவிட்டு, சிமென்ட் ஏற்றும் கப்பலுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு வைப்பது முதல் பார்வையில் முரணாகவே தோன்றும். காரணம் இல்லாமலும் இல்லை. போர்க்கப்பலின் அமைப்பு, பணி, ஆள்பலம் எதுவுமே வணிகக் கப்பலின் அளவுகோலுக்குள் அடங்குவதில்லை; அவற்றை வெளியாருக்குக் காட்ட எந்த நாடும் விரும்புவதும் இல்லை. ஆகவே நெடுங்காலம் ஒவ்வொரு கடற்படையும் தனக்கான பாதுகாப்பு விதியைத் தானே எழுதி, தானே கப்பலுக்குப் பொருத்தி, தானே சரிபார்த்துக்கொண்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் ஏ.என்.இ.பி. 77 என்ற எண்ணால் அறியப்படும் கடற்படைக் கப்பல் விதித்தொகுப்பு. இதை நேட்டோ வெளியிடுகிறது. கடற்படைகளும், கப்பல்களை ஆய்ந்து சான்று தரும் தரச்சான்று அமைப்புகளும் உறுப்பினராக உள்ள பன்னாட்டுக் கடற்படைப் பாதுகாப்புச் சங்கம் இதைப் பராமரித்து, காலத்துக்குக் காலம் திருத்துகிறது. நீர்மூழ்கிகள் இதில் அடங்கா. அவற்றுக்குத் தனித் தொகுப்பு உண்டு. விதிநூலுக்கு மதிப்புரை எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கடற்படை தன் கப்பலுக்கு எந்த விதியைத் தழுவுவது என்று முடிவெடுக்கும்போது, கடையில் நின்று பொருளைப் புரட்டிப் பார்ப்பவரின் கேள்விகளைத்தான் கேட்கிறது: இது வேலை செய்யுமா, எத்தனை நாள் உழைக்கும், பழுதானால் யார் சரிசெய்வார்கள்?

தொகுப்பின் கட்டமைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இதன் சிறப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இது படிநிலையாக அடுக்கப்பட்டது. உச்சியில் நோக்கம், அதன் கீழ் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஓர் இலக்கு, அதன் கீழ் அந்த இலக்கை எட்டக் கப்பல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற செயல்திறன் தேவைகள், அதற்கும் கீழே, அத்தேவை நிறைவேறியதா என்று சரிபார்க்கும் வழிகள். கப்பலின் உடற்கட்டு, மிதவையும் நிலைப்புத்தன்மையும் (கவிழாமல் நிற்கும் திறன்), இயந்திரங்கள், தீப்பாதுகாப்பு, தப்பித்தலும் மீட்பும், தகவல்தொடர்பு, வழிகாணல் என்று அத்தியாயங்கள் செல்கின்றன. முதற்பகுதி விதிகளையும், இரண்டாம் பகுதி ஏற்கத்தக்க தீர்வுகளையும், மூன்றாம் பகுதி ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற காரணத்தையும் சொல்கின்றன. காரணத்தை எழுதி வைக்கும் விதிநூல்கள் அரிது. நம் அலுவலகங்களில் ‘இது வழக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை விதிகள் உயிர் பிழைத்துக் கிடக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு மூன்றாம் பகுதியின் அருமை விளங்கும்.

இந்த அமைப்பால் என்ன பயன் என்பது விதியைத் திருத்தும்போதுதான் தெரியும். ஹேலான் வாயுவை எடுத்துக்கொள்வோம். இயந்திர அறைத் தீயை நொடிகளில் அடக்கும் அந்த வாயு ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது என்பது தெளிவானதும், மாண்ட்ரியல் ஒப்பந்த ஏற்பாடுகளின்படி வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1993 இறுதியோடு நின்றது. 1994 அக்டோபர் முதல் புதிய வணிகக் கப்பல்களில் அதைப் பொருத்தவும் சோலாஸ் தடை விதித்தது. ‘இயந்திர அறைக்கு இத்தனை கிலோ ஹேலான்’ என்று எழுதிய விதி அந்த நாளோடு செத்துப்போகும். ‘இயந்திர அறையில் மூளும் தீ, அந்த அறையைக் கடக்குமுன் அடக்கப்பட வேண்டும்’ என்று எழுதிய விதியோ, கரியமில வாயு வந்தாலும் நீர்த்தூவல் வந்தாலும் வேறு வாயு வந்தாலும் நிற்கும். மாற்ற வேண்டியது இரண்டாம் பகுதியின் தீர்வை மட்டுமே.

இதே கதை இப்போது நுரையிலும் நடக்கிறது. எரிபொருள் தீயின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்து அதை மூடும் நுரை, 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் பங்கேற்போடு உருவானது. 1967-இல் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ராக்கெட் ஒன்று தவறுதலாகப் பாய்ந்து 134 பேர் இறந்ததையடுத்து, அந்நுரை கடற்படைக் கப்பல்களில் வேகமாகப் பரவியது. அந்த நுரைக்கு வலுவூட்டும் ஃபுளோரின் சேர்மங்கள் நிலத்திலும் குடிநீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. அவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ். கலந்த நுரையைப் புதிய வணிகக் கப்பல்களில் வைத்திருக்க 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து சோலாஸ் அனுமதிக்கவில்லை; பழைய கப்பல்கள் அந்நாளுக்குப் பிந்தைய முதல் ஆய்வுக்குள் அதை அகற்ற வேண்டும். அமெரிக்க ராணுவத் தளங்களும் ஃபுளோரின் நுரையைக் கைவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் கடலில் செல்லும் கப்பல்களுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. விலக்கு ஏன் என்பதற்கு விடை எளிது: நடுக்கடலில் எரியும் கப்பலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி வராது. மாற்று நுரை அதே வேகத்தில் தீயை அடக்குகிறது என்று யாராவது நிரூபிக்க வேண்டும். எவ்வளவு பரப்பு, எத்தனை நொடி என்று செயல்திறனை முன்பே எழுதிவைத்த விதியிடம்தான் அந்த நிரூபணத்தைக் கேட்டுப் பெற முடியும்.

கோட்பாட்டைப் புகழ்வது எளிது. நடந்த விபத்துகளின் மேல் வைத்துப் பார்த்தால்தான் பொருளின் தரம் தெரியும்.

2018 நவம்பர் 8 அதிகாலையில், ஹெல்கே இங்ஸ்டாட் என்ற நார்வே ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) 137 பேரோடு நேட்டோ பயிற்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. பெர்கன் நகரத்துக்கு வடக்கே, ஸ்டூரே முனையத்தருகே, கச்சா எண்ணெய் ஏற்றிப் புறப்பட்ட சோலா டி.எஸ். கப்பலோடு அது மோதியது. வலப்பக்கம் நீளவாக்கில் கிழிந்து, பின்பக்க ஜெனரேட்டர் அறையும் பணியாளர் தங்குமிடமும் பண்டக அறையும் நீரால் நிரம்பத் தொடங்கின. அது வரைக்கும் நிலைமை வடிவமைப்பாளர் எதிர்பார்த்த எல்லைக்குள்தான் இருந்தது. கப்பலின் நிலைப்புத்தன்மை ஆவணங்களைப் பார்த்த பணியாளர்கள், நிலைப்புத்தன்மை மோசம், ஆனாலும் கப்பல் மிதக்கும் என்று கணித்தனர். அதன் பிறகு எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜெனரேட்டர் அறையின் நீர், உட்குழிவான புரொப்பெல்லர் தண்டுகளின் வழியாகவே கியர் அறைக்குள் பாய்ந்தது. அங்கிருந்து, நீர்புகாச் சுவர்களில் தண்டு கடக்கும் இடங்களில் பொருத்தியிருந்த ஸ்டஃபிங் பாக்ஸ்கள் (தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் அடைப்புகள்) வழியாக இயந்திர அறைகளுக்கும் சென்றது. பணியாளர்கள் கப்பலைக் கைவிட்டனர். உயிரிழப்பு இல்லை, சில நாட்களில் கப்பல் ஏறத்தாழ முழுவதுமாக மூழ்கியது, மீட்டெடுத்தும் அது மறுபடி கடலுக்குச் செல்லவில்லை.

நீர்புகாச் சுவரைக் கடக்கும் குழாய், மின்வடம், கதவு ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் தடை சொல்லும் பழைய வகை விதி, சுழலும் தண்டின் உள்ளே இருக்கும் ஓட்டையை ஒரு ‘கடவு’ என்று எண்ணியே பார்க்காது. ‘ஓர் அறையின் நீர் எந்த வழியாகவும் அடுத்த அறைக்குச் செல்லக் கூடாது’ என்று இலக்காக எழுதிய விதி அதையும் உள்ளடக்கும். இந்த இடத்தில் தொகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இலக்கு எவ்வளவு அகலமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சரிபார்ப்பவரின் கற்பனையும் அகலமாக இருக்க வேண்டியிருக்கிறது. தண்டுக்குள் ஓட்டை இருக்கிறதே என்று ஒருவருக்குத் தோன்றாவிட்டால், இலக்கும் அதை நினைவூட்டாது. பட்டியலாவது மறதிக்கு மருந்து. எனவே இரண்டாம் பகுதியின் பட்டியல்கள், ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நீண்டுகொண்டே போக வேண்டியவை. நார்வேயின் விசாரணையாளர்கள் மூன்றே வாரங்களில் இடைக்கால அறிக்கை வெளியிட்டு, இதே வடிவமைப்பில் கட்டிய மற்றக் கப்பல்களையும் எச்சரித்தனர். விதித்தொகுப்புகள் எந்த வேகத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு இது நல்ல அளவுகோல். பிந்தைய அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: வெளியேறும்போது கதவுகளும் மூடிகளும் அடைக்கப்பட்டிருந்தால் கப்பல் மூழ்காமல் தடுத்திருக்கலாம். வடிவமைப்பு விதியின் கை அந்தக் கதவுவரை நீள்வதில்லை.

தாய்லாந்தின் சுகோதாய் கார்வெட் (சிறு போர்க்கப்பல்) 2022 டிசம்பர் 18 இரவில், தாய்லாந்து வளைகுடாவில் கடும் அலையில் நீர் புகுந்து மூழ்கியது. கப்பலில் இருந்த 105 பேரில் 29 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். வழக்கமான பணியாளர்களுக்கு மேல் ஏறியிருந்த சுமார் 30 பேருக்குப் போதுமான லைஃப் ஜாக்கெட் கப்பலில் இல்லை என்று கடற்படையே ஒப்புக்கொண்டது. இதற்கு நுட்பமான பொறியியல் எதுவும் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். இங்கே தொகுப்பின் ஒரு கருவி கைகொடுக்கக்கூடியது: கப்பல் என்ன பணிக்கு, எந்தக் கடலில், அதிகபட்சம் எத்தனை பேரோடு செல்லும் என்பதைக் கடற்படை முன்கூட்டியே ஓர் ஆவணமாக எழுதி ஏற்க வேண்டும் என்று அது கேட்கிறது. தப்பித்தல் பற்றிய அத்தியாயம் முழுவதும் அந்த எண்ணின் மேல் நிற்கிறது. விழாவுக்கோ பயிற்சிக்கோ கூடுதல் ஆட்களை ஏற்றும் நாளில் அந்த ஆவணம் மீறப்படுகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். மீறுவதற்கு ஒருவர் கையெழுத்திட வேண்டியும் வரும்.

தற்செயல்தான் என்றாலும், அதே டிசம்பர் 18-இல், 1944-ஆம் ஆண்டு, பசிபிக்கில் ஒரு சூறாவளி ஹல், ஸ்பென்ஸ், மோனகன் ஆகிய மூன்று அமெரிக்க நாசகாரிக் கப்பல்களைக் கவிழ்த்தது. ஏறத்தாழ 790 பேர் இறந்தனர். அந்தப் பாடத்தையும் போர்க்காலச் சேத அனுபவத்தையும் சேர்த்து, 1962-இல் சார்ச்சின், கோல்ட்பர்க் என்ற இரு பொறியாளர்கள் நிலைப்புத்தன்மை அளவுகோல்களை வெளியிட்டனர்: பக்கவாட்டில் 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 185 கி.மீ.) வேகக் காற்றைத் தாங்க வேண்டும், 300 அடிக்கு மேற்பட்ட போர்க்கப்பல், நீளத்தில் 15 விழுக்காடு கிழிந்தாலும் மிதக்க வேண்டும். இன்றும் பல கடற்படைகளின் விதிகள் இவ்வெண்களிலிருந்தே கிளைக்கின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உடல்வடிவங்களிலிருந்து பெற்ற எண்கள் இன்றைய அகன்ற, மேல்கனமான, எளிதில் ரேடாரில் சிக்காதபடி சரிந்த பக்கங்கள் கொண்ட கப்பலுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வி தீரவில்லை. புதிய தொகுப்பும் பழைய எண்களை ஏற்கத்தக்க தீர்வுகளுள் ஒன்றாகச் சுமந்து செல்வதுதான் எனக்கு இதில் மிகுந்த ஏமாற்றம்.

அடுத்த குறை அடிப்படையானது. விதியை ஏற்பதும், அதில் விலக்குத் தருவதும், சான்றிதழ் வழங்குவதும் கடற்படை நிர்வாகத்தின் அதிகாரம். கப்பலின் உரிமையாளரும் அதே கடற்படைதான். சரிபார்க்கும் வேலையைத் தரச்சான்று அமைப்பிடம் ஒப்படைக்கலாம், ஆனால் முடிவு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்படுகிறது. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1963-இல் திரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 129 பேரோடு அழிந்த பிறகு உருவான சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்புத் திட்டமும் கடற்படைக்குள்தான் இயங்குகிறது. ஆனால் திட்டத்தை நடத்துபவர், தொழில்நுட்ப முடிவெடுப்பவர், பாதுகாப்பைத் தணிக்கை செய்பவர் என்று மூவரின் அதிகாரமும் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒருவர் தனியே வளைந்துகொடுக்க முடியாது. அத்திட்டத்தின் சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் இதுவரை இழக்கப்படவில்லை. 1968-இல் மூழ்கிய ஸ்கார்பியன் அச்சான்று பெறாதது. மேற்பரப்புக் கப்பல்களுக்கான இந்தத் தொகுப்பு, அத்தகைய பிரிவினையைக் கட்டாயமாக்கும் அளவுக்குத் துணியவில்லை.

எதிரியின் தாக்குதலால் வரும் சேதம் தொகுப்புக்கு வெளியே விடப்பட்டிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் பாதியளவே உடன்படுவேன். 1982 மே 4-இல் ஃபாக்லாந்துப் போரில் ஏவுகணை தாக்கிய பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பலில், தீயணைக்கும் நீர்க்குழாய் உடைந்து அழுத்தம் போனதும் தீயை அடக்க முடியவில்லை. அந்தக் குழாய் அமைதிக்காலத்துக்கும் அதே குழாய்தான். அமைதிக்கால விதியைச் சரியாக எழுதினாலே போர்க்காலத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

பராமரிப்புக் காலத்தைப் பற்றித் தொகுப்பு போதுமான அளவு பேசவில்லை. 2020 ஜூலை 12-இல் சான் டியாகோ துறைமுகத்தில், பழுதுபார்ப்பில் இருந்த பான்ஹோம் ரிச்சர்ட் என்ற அமெரிக்கக் கடற்படைப் பெருங்கப்பல் தீப்பற்றி நான்கு நாட்களுக்கு மேல் எரிந்தது. அதன் தீயணைப்பு நிலையங்களில் 87 விழுக்காடு அன்று செயல்பாட்டில் இல்லை என்றும், நுரைத் தெளிப்பானை இயக்கும் பொத்தானை எவரும் அழுத்தவே இல்லை என்றும் விசாரணை சொன்னது. எல்லா விதிப்படியும் கட்டிய கப்பல், விதிகள் தற்காலிகமாகக் கழற்றி வைக்கப்பட்ட ஒரு காலத்தில் எரிந்துபோனது. மும்பையில் 2024 ஜூலையில் பிரம்மபுத்ரா ஃபிரிகேட் மறுசீரமைப்பின்போது தீப்பற்றி ஒருபக்கமாகச் சாய்ந்ததும் துறைமுகத்தில்தான்.

இந்தியாவில் கட்டும் கப்பல்களுக்கு இந்தியக் கப்பல் பதிவகத்தின் விதிகள் உண்டு. 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த அர்ணாலா அவ்விதிகளின்படி, சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. காட்டுப்பள்ளியிலோ கொச்சியிலோ வேலைக்குச் சேரவிருக்கும் இளம் பொறியாளர் இந்த நேட்டோ தொகுப்பைப் படிக்க வேண்டுமா என்று கேட்டால், படிக்கலாம் என்பேன், ஆனால் முதற்பக்கத்திலிருந்து அல்ல. அதன் நடை வறண்டது; ஒரே வாக்கியம் ஒவ்வோர் அத்தியாயத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது; குறுக்குச் சுட்டுகள் வாசகரை அங்குமிங்கும் அலையவிடுகின்றன. மூன்றாம் பகுதியில், மிதவை பற்றிய அத்தியாயத்துக்கான காரண விளக்கங்களை முதலில் வாசித்துவிட்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் உரிய விதியை முதற்பகுதியில் தேடிப் போவது நல்லது. பக்கத்தில் ஹெல்கே இங்ஸ்டாட் விசாரணை அறிக்கையையும் திறந்து வைத்துக்கொண்டால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று பென்சிலால் குறிக்கத் தொடங்கிவிடலாம்.