வழிகாட்டி இல்லாத ராக்கெட்டுகள்: சிமுலேட்டரில் பல வருடங்கள் சுட்டுப் பழகியவனின் அனுபவம்

வீட்டுக் கணினியில் போர் விமான சிமுலேட்டர் ஓட்ட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஏவுகணை, லேசர் குண்டு என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாயிற்று. இன்றும் தரைத் தாக்குதலுக்குக் கிளம்பினால் இறக்கைக்கு அடியில் நான் முதலில் மாட்டுவது ராக்கெட் பாட்தான், அதாவது ராக்கெட்டுகளை அடைத்துவைக்கும் குழாய்க் கொத்து. குழாயை விட்டுக் கிளம்பிய பிறகு நம் பேச்சைக் கேட்காத, இலக்கைத் தேடிப் போகவும் தெரியாத அந்தப் பழைய ராக்கெட். புதிதாக வருகிறவர்களில் பலர், "குறி வைத்தது ஒரு இடம், விழுவது ஒரு இடம்" என்று சலித்துப்போய் இரண்டே நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ராக்கெட்டின் குறியில் பெரும்பங்கு ராக்கெட்டில் இல்லை, விமானத்தை ஓட்டுகிற விதத்தில் இருக்கிறது.

இதைப் புரியவைக்க யூஎச்-1 ஹ்யூயி ஹெலிகாப்டரை விட நல்ல ஆசான் கிடையாது. பக்கத்துக்கு ஒரு பாட், அதில் 7 அல்லது 19 குழாய்கள், குழாய்க்கு ஒரு 70 மி.மீ. ராக்கெட். பேனலில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் கருப்புக் குண்டு உருளும், அதைப் பாருங்கள். அது நடுவில் நின்றால் ஹெலிகாப்டர் மூக்கு பார்க்கிற திசையிலேயே காற்றை எதிர்கொள்கிறது. பாதிக் குண்டு அளவு ஒதுங்கினாலும் பக்கவாட்டில் சறுக்குகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பட்டனை அமுக்கினால் ராக்கெட் மூக்கு பார்த்த திசையில் போகாது. குழாயை விட்டு வெளியே வந்ததும் அதன் வால் துடுப்புகள் விரியும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ராக்கெட்டின் மூக்கைத் திருப்புவது துடுப்பின் இயல்பு. மோட்டார் அப்போதும் எரிந்துகொண்டிருப்பதால், திரும்பிய திசையிலேயே முழு வேகத்தில் தள்ளிவிடுகிறது.

இதில் புதியவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இடப்பக்கமிருந்து காற்று அடித்தால் துப்பாக்கிக் குண்டு வலப்பக்கம் ஒதுங்கும். ராக்கெட்டோ மோட்டார் எரியும்வரை காற்றை எதிர்த்து இடப்பக்கம் போகும். துப்பாக்கியில் பழகிய கையோடு வந்து திருத்தம் செய்தால் தவறு இரட்டிப்பாகும்.

அந்தரத்தில் நின்றபடி சுடுவதையும் தவிர்க்கச் சொல்வேன். ராக்கெட் குழாயை விட்டு வெளியேறும் நேரத்தில் அதற்கு வேகம் குறைவு, துடுப்புக்குப் பிடிப்பு போதாது, போதாக்குறைக்கு மேலிருந்து சுழலியின் காற்று அழுத்துகிறது. முன்னோக்கி நல்ல வேகத்தில், கலெக்டிவை (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோலை) அசைக்காமல், லேசாக மூக்கைத் தாழ்த்தி வந்து சுட்டால் அதே பாட் வேறு ஆயுதம் போல நடந்துகொள்ளும்.

இந்த ராக்கெட்டுகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது கிட்டத்தட்ட முழுக்க இந்த வாலோடு நடந்த போராட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1916-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இவ் லெ ப்ரியர் செய்த ராக்கெட் நம் வாணம் போலவேதான், நீளக் குச்சிதான் அதற்கு வால். இரட்டை இறக்கை விமானங்களின் தூண்களில் கட்டி, மின்சாரத்தால் பற்றவைத்து, வேவு பார்க்கும் பலூன்களை எரித்தார்கள். நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் நம்ப முடியாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஆர்பி-3-க்குக் குச்சி போய் நிலையான நான்கு துடுப்புகள் வந்தன. அவை விரிந்தே இருந்ததால் குழாய்க்குள் அடைக்க முடியாது, இறக்கைக்கு அடியில் ஒரு விமானத்துக்கு எட்டு என்று வரிசையாகத் தொங்கவிட வேண்டும். ஜெர்மனியின் 55 மி.மீ. ஆர்4எம் மடங்கும் துடுப்போடு வந்தது. 1945-இல் மீ-262 ஜெட் ஒன்று இறக்கைக்கு அடியில் 24 ராக்கெட்டுகளைச் சுமந்தது அதனால்தான். போருக்குப் பிறகு வந்த அமெரிக்காவின் 70 மி.மீ. ராக்கெட்டும் சோவியத்தின் 57 மி.மீ. எஸ்-5-ம் அதே மடக்குத் துடுப்பு வழியில் வந்தவைதான். பிறகு ராக்கெட்டைச் சுழலவிட்டு, மோட்டாரின் கோணல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும்படி செய்தார்கள். அந்த அமெரிக்க 70 மி.மீ. ராக்கெட்டின் பிந்தைய வடிவமான ஹைட்ரா 70-இன் மோட்டாரில் புகை வெளியேறும் வாயிலேயே சுழற்றுவதற்கான வரிப்பள்ளங்கள் இருக்கின்றன.

பழைய ஆர்பி-3-ஐ மஸ்கிட்டோ விமானத்தில் மாட்டி நிறையச் சுட்டிருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், டாங்கியை அடிக்க அது சரியான ஆயுதம் இல்லை. இது சிமுலேட்டரின் குறையும் இல்லை. 1944-இல் அசையாமல் நின்ற ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்றின் மேல் பிரிட்டனின் டைஃபூன் விமானங்கள் 64 ராக்கெட்டுகளைச் சுட்ட சோதனையில் மூன்றுதான் பட்டன. எதிர்ப்பும் இல்லை, பதற்றமும் இல்லை, அப்படியும் மூன்று. அந்த ஆகஸ்டில் பிரான்சின் மோர்ட்டேனில் நடந்த சண்டையில் பைலட்டுகள் அழித்ததாகச் சொன்ன டாங்கிகளின் கணக்குக்கும், ஆய்வுக் குழு பிறகு களத்தில் போய் எண்ணிய கணக்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் அதே குழு, சேதமே இல்லாமல் கைவிடப்பட்ட வண்டிகளையும் பார்த்தது. ராக்கெட் படாவிட்டாலும் அதன் இரைச்சலுக்கே ஆட்கள் இறங்கி ஓடியிருக்கிறார்கள். லாரி வரிசை, பீரங்கி நிலை, கப்பல் என்றால் கதை வேறு. 1943 மே மாதம் ஒரு ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் இதே ராக்கெட்டால் யூ-752 நீர்மூழ்கியை மூழ்கடித்தது. இலக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி.

வானத்தில் பறக்கும் இலக்கா, வேண்டவே வேண்டாம். 1956 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் ஆளில்லாத ஹெல்கேட் விமானம் ஒன்று கட்டுப்பாட்டை மீறிப் பறந்தது. இரண்டு எஃப்-89 ஸ்கார்பியன் போர் விமானங்கள் துரத்திப்போய் 208 ராக்கெட்டுகளையும் சுட்டுத் தீர்த்தன. ஒன்றுகூட அதை வீழ்த்தவில்லை. கீழே பாம்டேல் வட்டாரத்தில் காடு பற்றி எரிந்ததுதான் மிச்சம். எஃப்-86டி போர் விமானத்தில் அந்த வேலையை நானும் முயன்று பார்த்தவன், அந்த பைலட்டுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது என் அன்றாடத் துணை சோவியத் தரைத் தாக்குதல் விமானமான எஸ்யூ-25-ம் அதன் 80 மி.மீ. எஸ்-8 ராக்கெட்டும். ஒவ்வொரு பாட்-இலும் 20 ராக்கெட். எஸ்-5-இன் சின்ன வெடிமுனை ஆப்கானிஸ்தானில் போதாமல் போனதால்தான் சோவியத் படை எஸ்-8 பக்கம் சாய்ந்தது. சிமுலேட்டரிலும் இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. கான்கிரீட் கொட்டகைக்கு 122 மி.மீ. எஸ்-13 போதும். 240 மி.மீ. எஸ்-24 தனித்தனியாகத் தொங்கும் பெரிய ராக்கெட், ஒன்றின் எடை 235 கிலோ. ஜெட்டில் அருமையான ஆயுதம். ஹெலிகாப்டரில் அதன் புகை எஞ்சினுக்குள் புகுந்து மூச்சுத் திணறவைக்கும், அதனால் அங்கே நான் தொடுவதில்லை.

டைவ் கோணத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 10 டிகிரி சரிவில் வந்து ஒரு பாட்டைக் காலி செய்தால் ராக்கெட்டுகள் தரையில் நீள்வட்டமாக விழும், பறந்து வந்த திசையில் நீண்டு, அகலத்தில் குறுகி. சாலையில் போகும் வண்டி வரிசைக்கு அது வரம். ஒற்றை பீரங்கிக்கு அது வீண். 30 டிகிரியில் இறங்கினால் வட்டம் சுருங்கும், தூரத்தைச் சற்றுத் தப்பாகக் கணித்தாலும் ராக்கெட் மன்னித்துவிடும். என் வழக்கம்: 30 டிகிரி, ஒன்றரை கிலோமீட்டருக்குள் வந்து சுடுவது, உடனே இழுத்து விலகுவது. ராக்கெட் விழும் இடத்தைக் கணினியே ஒரு புள்ளியாகக் காட்டும் விமானங்களில்கூட, அந்தப் புள்ளி இலக்கில் உட்கார்ந்த பிறகு ஒரு கணம் விமானத்தை நிலைப்படுத்தி, பெடலைச் சரிசெய்துவிட்டுத்தான் அமுக்குகிறேன். புள்ளியை இலக்கின் மேல் இழுத்துக்கொண்டே சுடுகிறவர்களின் ராக்கெட்டுகள் விசிறியாகச் சிதறுவதைப் பல முறை பார்த்துவிட்டேன்.

குறை என்று சொல்ல ஒன்று இருக்கிறது. நான் ஓட்டும் சிமுலேட்டரில் சிதறும் இரும்புத் துண்டுகளின் சேதம் சரியாக வருவதில்லை. லாரிக்குப் பக்கத்தில் வெடித்தும் லாரி ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. இந்த ஆயுதத்தின் பலமே அந்தச் சிதறலில் இருக்கும்போது இது பெரிய குறை.

இன்னொன்று எந்தக் கணினியிலும் வராது. நமக்கு ஆயுதம் மாட்டுவது மவுஸில் ஒரு கிளிக். 1967 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் நின்றிருந்த ஃபான்டம் போர் விமானம் ஒன்று வெளி மின்சாரத்திலிருந்து சொந்த மின்சாரத்துக்கு மாறிய நொடியில், அதன் 127 மி.மீ. ஜூனி ராக்கெட் தானாகக் கிளம்பியது. பாட்டின் மின்இணைப்பைக் கடைசி நிமிடத்தில்தான் செருக வேண்டும் என்ற விதி, நேரம் மிச்சப்படுத்துவதற்காகத் தளர்த்தப்பட்டிருந்தது. 134 பேர் இறந்தார்கள். அதைப் படித்த பிறகு, தரையில் நிற்கும்போது ஆயுதங்களுக்கு உயிர் கொடுக்கும் மாஸ்டர் ஆர்ம் சுவிட்சை நான் தொடுவதில்லை. விளையாட்டில் அதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது, இருந்தாலும் தொடுவதில்லை.

இன்று ஹைட்ராவின் மோட்டாருக்கும் வெடிமுனைக்கும் நடுவில் லேசர் வழிகாட்டும் பகுதியைச் செருகி ஏபிகேடபிள்யூஎஸ் என்று விடுகிறார்கள், ஒரு ராக்கெட்டுக்கு ஒரு இலக்கு என்று ஆகிவிட்டது. அதே காலத்தில் உக்ரைனில் இரு தரப்பு விமானங்களும் தரையை ஒட்டிப் பறந்து, மூக்கை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் பழைய ராக்கெட்டுகளை வீசிவிட்டுத் திரும்புகின்றன. விமானம் பிழைக்கிறது, குறி போய்விடுகிறது. சிமுலேட்டரில் அப்படிச் சுட்டால் ராக்கெட்டுகள் எவ்வளவு பரந்து விழுகின்றன என்பதை மேலிருந்து ஒரு தடவை பாருங்கள், அந்த நிலப்பரப்பில் இருக்கிறவர்களின் நிலைமை புரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஹ்யூயியில் 7 குழாய் பாட் இரண்டை மாட்டி, காற்றை அணைத்துவைத்து, அந்தக் கருப்புக் குண்டை மட்டும் பார்த்து ஒற்றை ஒற்றையாகச் சுடுங்கள். கை பழகியதும் பக்கக் காற்றைக் கூட்டுங்கள். எஸ்-8-ம் கொத்துக் கொத்தாகச் சுடுவதும் அதற்கப்புறம் போதும்.