ஐந்தெழுத்து, ஆறு வாய்ப்பு: வேர்டிலோடு மூன்றரை ஆண்டு

2022 பொங்கல் விடுமுறையில் அக்கா வாட்ஸ்அப்பில் பச்சை, மஞ்சள், கறுப்புச் சதுரங்களை அடுக்கி அனுப்பினாள். ஏதோ புதுக் கோலம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு கைதட்டலைத் தட்டிவிட்டேன். உடனே போன் வந்தது. "கோலம் இல்லடி, வேர்டில். ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு இருக்கு, ஆறு தடவைக்குள்ள கண்டுபிடிக்கணும். எழுத்து சரியான இடத்துல இருந்தா பச்சை, வேற இடத்துல இருந்தா மஞ்சள், இல்லவே இல்லன்னா கறுப்பு." அன்று தொடங்கியதை நாங்கள் இருவரும் இன்னும் விடவில்லை.

ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் இணையர் பாலக் ஷாவுக்காகச் செய்த விளையாட்டு இது. 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர்தான். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம் ஆனார்கள். ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆட ஆட எனக்குப் புரிந்த விஷயம், இது சொல்வளப் பரீட்சை இல்லை என்பது. விடைகள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். தொடக்கத்தில் விடைப் பட்டியலில் இருந்தவை சுமார் 2,300 சொற்கள். நாம் தட்டினால் ஏற்றுக்கொள்ளும் சொற்களோ சுமார் 13,000. இந்த இடைவெளியில்தான் விளையாட்டே இருக்கிறது. உதாரணமாக, எஸ் ஒட்டிப் பன்மையாக்கிய சொல் விடையாக அநேகமாக வராது. ஆனால் மற்ற எழுத்துகளைச் சோதித்துப் பார்க்க அது அருமையான கருவி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தானே ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு, நான் அனுப்பும் ஊகங்களுக்கு வண்ணம் சொல்வாள். அப்போதெல்லாம் என் முதல் சொல் 'அட்யூ' (adieu). ஏ, ஐ, ஈ, யு என நான்கு உயிரெழுத்தும் ஒரே சொல்லில். அன்று அதில் ஐ மட்டும் மஞ்சள். அடுத்து குருட்டாம்போக்கில் 'நைட்' (night, இரவு) என்று போட்டேன். முதல் எழுத்தைத் தவிர எல்லாம் பச்சை! இரண்டாவதிலேயே நான்கு எழுத்து. துள்ளிக் குதித்தேன். அப்புறம் ரைட் (right), லைட் (light), ஃபைட் (fight), சைட் (sight) என்று வரிசையாகப் போட்டு ஆறு வாய்ப்பும் காலி. விடை 'டைட்' (tight). முதலிலும் கடைசியிலும் ஒரே டி (T). ஒரு எழுத்து இரண்டு முறை வரலாம் என்பது ஏனோ கடைசிவரை தோன்றவே இல்லை.

"மூணாவதா ஃபிலிம்ஸ் (films) போட்டிருக்கலாமேடி" என்றாள் அக்கா. யோசித்துப் பார்த்தால் சரிதான். எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்திருக்கலாம். நான்கும் இல்லை என்று தெரிந்தால் மிச்சம் ரைட், டைட் இரண்டே. ஐந்தாவதிலாவது முடிந்திருக்கும். தெரிந்த எழுத்துகளைக் கட்டாயம் பயன்படுத்தச் சொல்லும் ஹார்ட் மோடில் இந்தத் தந்திரம் செல்லாது. அதனால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. வீரம் காட்டி என்ன ஆகப்போகிறது?

அட்யூவையும் அன்றே விட்டுவிட்டேன். உயிரெழுத்து கிடைப்பதைவிட எந்த மெய் எங்கே உட்கார்கிறது என்று தெரிவதுதான் பெரிது. பழைய விடைப் பட்டியலில் அதிகம் வரும் எட்டு எழுத்துகள் ஈ, ஏ, ஆர், ஓ, டி (T), எல், ஐ, எஸ். இப்போது என் முதல் சொல் 'ஸ்லேட்' (slate), நம் பள்ளிக்கூடச் சிலேட்டேதான். அதில் ஒன்றும் விழாவிட்டால் அடுத்தது 'ஐரனி' (irony). இரண்டும் சேர்ந்தால் ஓர் எழுத்துகூட மறுபடி வராமல் பத்து எழுத்துகள் தீர்ந்துவிடும்.

நம் ஊரில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை, அமெரிக்க எழுத்துக்கூட்டல். 2022 ஜனவரியில் 'ஃபேவர்' (favor), பிப்ரவரியில் 'ஹ்யூமர்' (humor) விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் கொதித்தார்கள். நாமும் அவர்கள் கட்சிதான். நம் பள்ளியில் இரண்டுமே யு சேர்த்து ஆறெழுத்து. ஐந்தெழுத்து என்று தேடும்போது மூளை அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது.

இனி, சொல் தேடித் தரும் தளங்கள். எத்தனை எழுத்து, எவை இருக்க வேண்டும், எவை கூடாது என்று கொடுத்தால் பட்டியல் வந்து விழும். முதல் ஆண்டில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் அதில்தான் போய் நின்றேன். ஜெயிப்பேன், ஆனால் உப்பில்லாத சாப்பாடு. இப்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்: ஆட்டம் முடிந்த பிறகு மட்டும் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பது தனி சுகம். ஐந்து உயிரெழுத்தில் ஒன்றுகூட இல்லாமல் ஒய்யை வைத்தே ஓட்டும் 'நிம்ஃப்' (nymph), 'கிரிப்ட்' (crypt), 'பிக்மி' (pygmy). க்யூவுக்குப் பின் யு வராத 'தலாக்' (talaq), 'நிகாப்' (niqab), பிறகு ஈரானின் நிலத்தடி வாய்க்காலான 'கனாத்' (qanat). ஒரு நாள் சும்மா உருட்டிக்கொண்டிருந்தபோது கறியிலிருந்து போன 'கரி' (curry), மாங்காயிலிருந்து போன 'மேங்கோ' (mango), வெற்றிலையிலிருந்து போன 'பீட்டல்' (betel) மூன்றும் ஐந்தெழுத்து என்று கவனித்தேன். பின்னிரண்டும் தமிழ், மலையாளக் கரையிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழி கப்பல் ஏறியவை.

இத்தனை ஆண்டில் என் ஆங்கிலம் வளர்ந்ததா என்றால், இல்லை. இந்தப் பட்டியல்களில் பார்த்த சொற்களில் ஒன்றைக்கூட அலுவலக மெயிலில் எழுதியதில்லை. ஆனால் எழுத்துக்கூட்டல் சுத்தமாகியிருக்கிறது. செலவு ஒன்றுமில்லை, தினம் ஒன்றுதான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னும் ஒன்று கொடு என்று கேட்டாலும் அன்றைக்குப் புதிது கிடையாது. இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரே சிக்கல், அக்காவோடு போனில் பேசி ஆடுவது. "பி இருக்கு" என்பாள். எந்த பி? "Ball B-யா, Pen P-யா?" என்று கேட்பதற்குள் அவளுக்குக் குக்கர் விசில் அடித்துவிடும். இன்று காலை எனக்கு நான்கில் முடிந்தது. அவள் இன்னும் சதுரங்களை அனுப்பவில்லை. ஐந்தோ ஆறோ எடுத்திருப்பாள்.