எஸ்பி ஃப்ளாஷ் டூல்: பல ஆண்டுப் பழக்கமும் தீராத ஒரு மனக்குறையும்

பொள்ளாச்சியில் புதிதாகச் செல்போன் சர்வீஸ் கடை போட்டிருக்கும் நண்பர், காசு கொடுத்து டாங்கிள் (சர்வீஸ் மென்பொருளைத் திறக்கும், கணினியில் செருகும் சாவி) வாங்குவதா, செட்டுக்குள் மென்பொருளைக் கணினியிலிருந்து மறுபடி ஏற்ற இலவசமாகக் கிடைக்கும் எஸ்பி ஃப்ளாஷ் டூலே போதுமா என்று கேட்டிருந்தார். மீடியாடெக் சிப் உள்ள செட்டுகளுக்குத் திருப்பூரில் என் கடையில் பல ஆண்டுகளாக அதுதான் ஓடுகிறது.

வேலையில் அதைக் குறை சொல்ல முடியாது. லோகோவிலேயே நின்றுவிட்ட செட்டை அணைத்து, வால்யூம் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகினால், சிப்புக்குள் இருக்கும் பூட்ரோம் என்ற தொடக்க நிரல் சில நொடிகளுக்கு மட்டும் கணினிக்குச் செவிசாய்க்கும். அதற்குள் இணைப்புக் கிடைத்து, சிவப்புப் பட்டை முடிந்து மஞ்சள் பட்டை நகரத் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் பச்சை டிக் விழுந்துவிடும். அந்தப் பச்சையைப் பார்க்கும் நிறைவு இன்றும் எனக்குக் குறையவில்லை.

என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. மென்பொருளை மட்டும் எழுதும் 'டவுன்லோடு ஒன்லி' இருக்கும் அதே பட்டியலில்தான், எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதும் 'ஃபார்மட் ஆல் + டவுன்லோடு' என்பதும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், செட்டின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணும் வைஃபை முகவரியும் டவர் சிக்னலுக்கான ரேடியோ அளவீடும் அடங்கிய என்விரேம் என்ற நினைவகப் பகுதியும் சேர்ந்தே அழிந்துவிடும். அந்தப் பகுதியை முன்கூட்டியே படியெடுத்து வைக்க வேண்டுமானால், நான் வைத்திருக்கும் 5-ஆம் வரிசைப் பதிப்பில், செட்டின் நினைவகத்தில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஸ்கேட்டர் கோப்பைத் தனியே திறந்து, தொடக்க முகவரியையும் நீளத்தையும் தேடிப் பிடித்து, 0எக்ஸ் என்று தொடங்கும் அந்த எண்களை செட்டிலிருந்து படித்தெடுக்கும் ரீட்பேக் பக்கத்தில் கையால் அடிக்க வேண்டும். அதே ஸ்கேட்டர் கோப்பை ஏற்றிக்கொண்டுதான் டூலே வேலை செய்கிறது என்பதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

சென்ற வாரம் பனியன் கம்பெனித் தையல்காரர் ஒருவர், வேறொரு கடையில் 'சாஃப்ட்வேர் போட்ட' செட்டைக் கொண்டுவந்தார். சிம் போட்டும் டவர் இல்லை; என்விரேம் போய்விட்டதன் அடையாளமாக வைஃபை பட்டியலின் தலையில் 'என்விரேம் வார்னிங்: எர்ர் = 0எக்ஸ்10' என்று நின்றது. ஐஎம்இஐ எண்ணையாவது பெட்டியின் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளலாம் (வேறு எண்ணைப் போடுவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்). ஆனால் ஒவ்வொரு செட்டுக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக எடுத்த ரேடியோ அளவீடு எந்தப் பெட்டியிலும் அச்சாகியிருக்காது. டவர் வந்தாலும் பழையபடி நிற்கும் என்று அவருக்கு நான் எப்படி உறுதி சொல்வது?

எனவே நண்பர் டாங்கிளே வாங்கட்டும். என்விரேமை ஒரே பொத்தானில் படியெடுத்துத் தரும் வசதிக்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம். நான் மட்டும் எஸ்பி ஃப்ளாஷ் டூலை விடப்போவதில்லை.