உச்சியை நினைப்பதா, ஏறுவதை நினைப்பதா?

கன்னியாகுமரி பக்கத்திலுள்ள மருந்துவாழ்மலை ஏறப் போகிறேன் என்று மாதாமாதம் சொல்வேன். கண்ணை மூடினால் உச்சியில் நிற்பேன்: கீழே தென்னந்தோப்பு, தூரத்தில் குமரிக் கடல், முகத்தில் காற்று. அந்தச் சுகம் படுக்கையிலேயே கிடைத்துவிட்டால் எழுந்திருக்கத் தோன்றுமா? காப்பஸ், எட்டிங்கன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: எல்லாம் கைகூடிவிட்டதுபோல இனிமையாகக் கற்பனை செய்தால் உடம்பின் சுறுசுறுப்பு குறைகிறது.

இன்னொரு வகை, ஏறுவதையே நினைப்பது. ஐந்து மணி அலாரம், மலையடிவாரத்துப் பொற்றையடியில் பஸ்ஸை விட்டு இறங்குவது, கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்குவது, ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் தொடர்வது. ஃபாம், டெய்லர் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்குவதைக் கற்பனை செய்தவர்களைவிடப் படிக்க உட்காருவதைக் கற்பனை செய்த மாணவர்களே அதிக மதிப்பெண் எடுத்தார்கள். அது பரீட்சை, மலையல்ல. சரி, மனசு ஒன்றுதானே!

ஆனால் பள்ளியில் தண்டனையாக மைதானம் சுற்றியவர்களுக்கு ஓட்டமோ மலையேற்றமோ, உடம்பை வருத்துவது என்றாலே அந்த வெயில்தான் கண்முன் வரும். அவர்கள் முதலில் உச்சிக் காற்றையே நினைக்கட்டும், ஆசையாவது பிறக்கும். எனக்கு ஆசைக்குக் குறைவில்லை; அதனால் என் ஓட்டு அலாரத்துக்கும் பாறைக்கும்தான்.